மகாபொல: நிதியத்துக்குச் சட்டம் உண்டு, மாணவருக்கு?

மட்டக்களப்பு வாவியில் தோணி தள்ளுகிற ஒருவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு? அமிர்தகழியில் இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் விடை சொல்லும் வலைக்காரக் குடும்பம் குறைவு. முகத்துவாரம் வெட்டப்பட்ட மாதங்களில் ஒரு வரும்படி, அது மண்மூடிக் கிடக்கும் மாதங்களில் வேறொரு வரும்படி. மாரி மழையும் காற்றும் கூடினால் வலை கரையிலேயே கிடக்கும். ஒரு கிழமை இறால் நல்ல விலைக்குப் போகும். அடுத்த கிழமை பிடிபட்டதெல்லாம் வலைக்கடனுக்கே சரியாய்ப் போகும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போது, கடைசியில் கேட்கப்படுவது ஒரே ஓர் எண்தான்: பெற்றோரின் ஆண்டு வருமானம். அதை எழுத வேண்டும். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். பிரதேச செயலாளர் மேலொப்பம் இட வேண்டும்.

அந்த எண்ணைப் பொறுத்துத்தான் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பது தீர்மானமாகிறது. அந்த எண் சரியானதா, வரம்பு நியாயமானதா, தொகை போதுமா, பணம் எப்போது வரும் என்ற கேள்விகளுக்கு இந்த நாட்டின் சட்டத்தில் மாணவர் பிடித்துக்கொள்ளக்கூடிய பதில் இல்லை. இலங்கையில் இலவசக் கல்வியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற எவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அப்போது வர்த்தக, கப்பற்றுறை அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சி அது. ஊர் ஊராக நடந்த மகாபொல கண்காட்சிகள் மூலமும் லொத்தர் மூலமும் பணம் திரட்டி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவைப்பது என்பது அன்றைக்குத் துணிச்சலான யோசனைதான். பிரதம நீதியரசரின் தலைமையில் அறங்காவலர் சபை. நிதியத்துக்கு இன்றுவரை முக்கியமான வருவாய்களில் ஒன்று அபிவிருத்தி லொத்தர் சபையிலிருந்து வருகிறது.

அதே 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதிதான் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் ஆரம்பித்து, 1986 ஒக்ரோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆக, இந்த வாவிக்கரையின் உயர்கல்வி வரலாறும் மகாபொலவின் வரலாறும் ஒரே வயது கொண்டவை. யுத்த காலத்திலும், சுனாமிக்குப் பிறகும், வீட்டில் சம்பாதிக்க ஒருவரும் இல்லாத எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பணத்தைக்கொண்டுதான் பட்டம் பெற்றார்கள். இன்று மாவட்டத்தின் பாடசாலைகளில் படிப்பிக்கிற, அலுவலகங்களில் கையெழுத்து வைக்கிற பலருக்கு மகாபொல என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இந்த நன்றியுணர்வு நியாயமானது. ஆனால் அந்த நன்றியுணர்வே, சட்டத்தின் குறையை நீண்டகாலமாகக் கேள்வி கேட்காமல் விட்டதற்கும் ஒரு காரணம்.

குறை இதுதான்: 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிதியத்தை உருவாக்கியது, மாணவருக்கு ஓர் உரிமையை உருவாக்கவில்லை.

தொகையை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் பத்து ஆண்டுகள் அது அசையவில்லை. இடையில் நடந்தது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். அதாவது ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது. பஸ் கட்டணம் ஏறியது, போட்டோக் கொப்பி ஏறியது, போர்டிங் வாடகை ஏறியது. மகாபொல மட்டும் 5,000 ரூபாவாகவே நின்றது. 2025 பெப்ரவரி 17ஆம் திகதி வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ரூபாவாகவும், மகாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரி 4,000இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைகளுக்கான மாதப் பணம் 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபா ஆனதும் அதே உரையில்தான்.

உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் அது ஒரு நிதி அமைச்சரின் உரையில் வந்த வரி. சட்டத்தில் எழுதிய வாசகம் அல்ல. நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு 2025 தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் சுமார் 16,000 ரூபாவாக இருந்தது. அதில் பாதியைக்கூட அந்த ஆண்டின் 7,500 தொடவில்லை. அதுவும் கல்வியாண்டுக்குப் பத்துத் தவணைதான் என்பதால் அந்தத் தொகை வருடத்துக்கு 75,000 ரூபாவாயிற்று. நாளொன்றுக்கு 205 ரூபா. வந்தாறுமூலை வளாகத்துக்கு வெளியே அறை எடுத்திருக்கும் பிள்ளைக்கு அது ஒரு வேளைச் சோற்றுப் பார்சலோடு முடிந்துபோகும். யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ மாத்தறைக்கோ தெரிவான அமிர்தகழிப் பிள்ளைக்கு வீட்டுக்கு வந்துபோகும் செலவே தனி.

அரச ஓய்வூதியமும் சம்பளமும் எவ்வாறு கூடுகின்றன என்பதற்குச் சுற்றறிக்கைகள் உண்டு, தொழிற்சங்கங்கள் உண்டு, பேரம்பேச ஆள் உண்டு. புலமைப்பரிசில் பெறும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவேதான் இதைச் சட்டத்தில் எழுத வேண்டும்: மகாபொலவும் பர்சரியும் ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணுக்கு ஏற்பத் தானாகவே திருத்தப்பட வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வந்து நினைவூட்டினால்தான் உயரும் என்ற நிலை இருக்கக்கூடாது.

அடுத்தது திகதி. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை வளாகத்துக்குள் காலடி வைப்பதற்கே இங்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே போன பிறகும் முதலாவது தவணை வங்கிக் கணக்குக்கு வர இன்னும் மாதங்கள் கழியும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் தவணைகள் மாதக்கணக்கில் தேங்கி, மாணவர்கள் வீதிக்கு இறங்க நேர்ந்தது. பணம் ஒருநாள் மொத்தமாக வரும் என்பது உண்மை. ஆனால் முதலாம் மாதச் சாப்பாட்டை ஆறாம் மாதத்தில் சாப்பிட முடியாது. அந்த இடைவெளியில் வீட்டிலுள்ள ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போகும். அல்லது, மட்டக்களப்புப் பெண்களைப் பல வருடங்களாக வாட்டி வதைத்த நுண்கடன் கம்பனியின் வாசலுக்கு அம்மா போவா. பிள்ளை படிப்பதற்கு அரசு கொடுக்கும் உதவி, பிந்தி வருவதால், வீட்டைக் கடனாளியாக்குகிறது. முதல் தவணை எந்த மாதத்துக்குள் வர வேண்டும், பிந்தினால் அதற்கு யார் பொறுப்பு என்பது சட்டத்தில் இருக்க வேண்டிய விடயம்.

மிகச் சிக்கலானது வருமான வரம்பு. பல ஆண்டுகளாக இருந்துவந்த அளவுகோல், பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாவுக்குள் இருக்க வேண்டும் என்பது. மாதத்துக்குக் கணக்கிட்டால் 41,667 ரூபா. ரூபாவின் பெறுமதி விழுவதற்கு முந்திய காலத்தில் வகுத்த கணக்கு இது. 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்த ஏற்பாடு செய்தது. அந்தச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியைக் கூட்டினால், பாடசாலையில் கேற் திறந்து மூடுகிற சிற்றூழியரின் குடும்பமே வரம்பைத் தாண்டிவிடும். அவருடைய சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு சதமும் அச்சில் இருக்கிறது, ஒளிக்க வழியில்லை. நகரத்தில் இரண்டு கடை வைத்திருப்பவர் எழுதிக் கொடுக்கிற எண்ணை யார் சரிபார்ப்பது? கிராம உத்தியோகத்தரிடம் அதற்கான கருவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. அவர் ஊரோடு வாழ வேண்டியவர். ஒரு வீட்டுக்குக் குறைத்து எழுதினார், இன்னொரு வீட்டுக்குக் கூட்டி எழுதினார் என்ற பேச்சு எந்தக் கிராமத்திலும் உண்டு. அதைத் தனிமனிதரின் குணம் என்று சொல்லித் தள்ளிவிடுவது தவறு. அளக்கமுடியாததை அளக்கச் சொல்லி ஒருவரிடம் முத்திரையைக் கொடுத்த ஏற்பாட்டில்தான் பிழை.

வாவித் தொழிலுக்கு இது இன்னும் பொருந்தாது. மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது; அதன் இரு கரையிலும் நாட்கூலி, மீன், நெல், சிறு வீட்டுத்தோட்டம் என்று கலந்த வருமானத்தில் வாழும் குடும்பங்கள்தான் பெரும்பாலானவை. தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்தால் அவர் அனுப்பும் பணம் வருமானம். அவரை அனுப்ப வாங்கிய கடனும், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவின் மருந்துச் செலவும் எந்தப் படிவத்திலும் வருமானத்திலிருந்து கழிக்கப்படுவதில்லை.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் அஸ்வெசும உதவித்திட்டம் தொடங்கியது. அது வருமானத்தை மட்டும் கேட்பதில்லை. வீடு, மின்சாரம், சொத்து, நோய், கல்வி என்று 22 சுட்டிகளை வைத்துக் குடும்பத்தை மதிப்பிடுகிறது. தெரிவானவர்களின் பட்டியல் பகிரங்கமாக ஒட்டப்பட்டது; விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யவும் ஆட்சேபிக்கவும் வழி தரப்பட்டது. லட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். மெய்யான ஏழைகள் பலர் விடுபட்டுப்போனார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த மாவட்டத்திலும் பலமாக எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், ‘எனக்கு ஏன் இல்லை’ என்று சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கு ஓர் இடம் அங்கே உண்டு. மகாபொல கிடைக்காத பிள்ளைக்கு எழுத்தில் காரணம் சொல்லி, இத்தனை நாளுக்குள் மேன்முறையீட்டுக்குப் பதில் தர வேண்டும் என்று அதேபோல் சட்டத்தில் எழுதினால் என்ன? அஸ்வெசும பெறும் குடும்பத்தின் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், மீண்டும் ஒரு வருமானச் சான்றிதழ் கேட்காமல் உதவியை நேரே வழங்கினால் என்ன? ஒரே அரசு ஒரு குடும்பத்தை ஏழை என்று ஒரு கையால் ஒப்புக்கொண்டு, மறுகையால் அதற்கு அத்தாட்சி கேட்பது அநாவசியமான அலைச்சல்.

தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 2022 செப்ரெம்பர் 5இல் தொடங்கிய அந்தத் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எங்கே படித்தாள் என்பதே தகுதி. 2024 ஓகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் அது விரிந்தது. அரசாங்கம் மாறினால் அதுவும் மாறலாம் என்ற பலவீனம் அதற்கும் உண்டு. ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்பது முதல் நாளே பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பத்தாம் வகுப்பிலேயே அவள் அதை நம்பித் திட்டமிடலாம். உதவித்தொகை ஒன்று படிப்பைத் தொடரவைக்க வேண்டுமானால் இந்த முன்னறிவுதான் தொகையைவிட முக்கியம்.

லொத்தர் பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் 1993இல் லொத்தர் வருமானத்தைக்கொண்டு ‘ஹோப்’ புலமைப்பரிசிலைத் தொடங்கியது. பெருமளவு மாணவர்கள் பயன்பெற்றார்கள். ஆனால் செலவு கூடி, லொத்தர் வருமானம் அதற்கு ஈடுகொடுக்காமல் போனபோது, 2011இல் சட்டம் இயற்றி உதவியைக் குறைத்தார்கள். அதிக புள்ளி பெற்றவர்களுக்கு மட்டும் முழுக்கட்டணம் என்றார்கள். குறைந்த புள்ளியோடு, வேலை செய்துகொண்டே படித்த ஏழைப் பிள்ளைகள் அதில் பின்தள்ளப்பட்டார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குறைப்பதற்கும் சட்டமன்றத்தில் விவாதித்து வாக்கெடுக்க வேண்டியிருந்தது. இங்கே பத்து வருடமாகத் தொகையின் பெறுமதி கரைந்ததற்கு எந்த வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் லொத்தர்ச் சீட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் அவர்கள் பெரும்பாலும் கூலித்தொழிலாளர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள், மீன் விற்பவர்கள். அவர்களின் பணத்தால் நடக்கும் நிதியம் அவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது. உதாரணமாக, மாலபேயிலுள்ள இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் மகாபொல நிதியத்தின் உதவியோடு உருவானது. பின்னர் அதன்மீது நிதியத்துக்கு இருந்த பிடி கைநழுவியது எப்படி என்று அரச நிறுவனங்களை ஆராயும் நாடாளுமன்றத்தின் கோப் குழு விசாரித்தது. அந்த விசாரணையின் விவரங்களைத் தமிழ் மாணவர்கள் எத்தனை பேர் தமிழில் வாசித்திருப்பார்கள்? நிதியத்தின் வரவு செலவு, எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு உதவி, எத்தனை விண்ணப்பம் நிராகரிப்பு என்பவை ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம் என்பது சரி. ஆனால் கேட்காமலே தர வேண்டிய தகவல் இது.

பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளை இந்த விவாதம் எப்போதும் மறந்துவிடுகிறது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் பெரும்பான்மை. மட்டக்களப்பு, கல்வியில் பின்தங்கியவை என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வகுத்த 16 மாவட்டங்களில் ஒன்று. அதற்கான 5 வீத ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இடம் கிடைப்பவர்கள் சிறுதொகையினரே. மற்றவர்கள் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சிக்கும் போகிறார்கள், அல்லது கட்டாருக்குப் போக ஏஜன்சியைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் டெனசி மாநிலம் 2014இல் இயற்றிய புலமைப்பரிசில் சட்டத்தில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரையும் சேர்த்துக்கொண்டது. அதற்கும் லொத்தர் பணம்தான். வெல்டிங் படிக்கும் பிள்ளைக்கும் பஸ் காசு வேண்டும், பகல் சாப்பாடு வேண்டும்.

அரசு விட்ட இடத்தைப் புலம்பெயர்ந்தோரும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் நிரப்புகின்றன. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இரவுவேலை செய்து அனுப்பும் அந்தப் பணம் மதிப்புக்குரியது. ஆனால் உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு அழைத்து, காசோலையின் ஒரு முனையைப் பிடிக்கவைத்து எடுத்த படத்தை முகநூலில் போடுகிற வழக்கம் வேதனையானது. பதினேழு வயதுப் பெண்பிள்ளையின் வறுமை ஊருக்குக் காட்டப்படுகிறது. கொடுப்பவரின் வேலை போனால், மனம் மாறினால், உதவியும் நிற்கும். ஒரு குடிமகளின் கல்வி இன்னொருவரின் இரக்கத்தில் தங்கியிருக்கக்கூடாது என்பதற்காகத்தான் சட்டம்.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டத்திலும் கல்வியைப் பெறும் சமவாய்ப்பை எல்லாருக்கும் உறுதிசெய்வது அரசின் நோக்கங்களில் ஒன்று என்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அந்த நெறிகளைக் கொண்டு நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்றும் சொல்லிவிடுகிறது. ஆகவே சாதாரண சட்டம்தான் இந்த உரிமைக்கு உயிர் கொடுக்க வேண்டும். மாகாண மட்டத்திலும் ஒரு வழி இருந்தது. பாடசாலைக் கல்வியில் மாகாண சபைக்கு அதிகாரம் உண்டு. உயர்தர வகுப்பில் இடைவிலகும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை பற்றிக் கிழக்கு மாகாணம் தனக்கென ஒரு நியதிச்சட்டத்தை யோசித்திருக்கலாம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்ததோடு, அதைப் பேச வேண்டிய மண்டபமும் பூட்டப்பட்டது.

எஞ்சியிருப்பது நாடாளுமன்றம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த அரசியலமைப்பை மாற்றவோ மக்கள் தீர்ப்பு நடத்தவோ தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஐந்து உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள், ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கல்வி அமைச்சின் நிதி ஒதுக்கீடு எடுக்கப்படும் நாளில், கட்சி பார்க்காமல் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு திருத்தச் சட்டமூலத்தைக் கேட்கட்டும். அதற்கு முன் தத்தம் தொகுதியில் மகாபொலவும் பர்சரியும் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பிரதேச செயலகம் வாரியாகச் சேகரித்துக்கொண்டு போகட்டும். மண்முனை வடக்கிலிருந்து, அதாவது அமிர்தகழியும் அடங்கிய பிரிவிலிருந்து, அந்த வேலையைத் தொடங்கலாம்.